திரை முன்னே பிள்ளை, பக்கத்தில் யார்?

பிள்ளை கெட்டுப்போகிறதென்றால் கேரளத் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் முதலில் திட்டு வாங்குவது டிவியும் செல்போனும்தான். இந்தக் கவலைக்கு வயது அதிகம். 1927-இல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்திய சினிமாட்டோகிராப் குழு, படம் பார்ப்பது சிறுவர்களை என்ன செய்கிறது என்றும் விசாரித்தது. 1949 சட்டத் திருத்தம் 'யு', 'ஏ' சான்றிதழ்களைக் கொண்டுவந்தது. திரையில் என்ன ஓடுகிறது என்று அரசு பார்த்துக்கொண்டது. பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்கவில்லை. இந்த மலையோரத் தமிழர் வரலாற்றில் அந்தக் கேள்விதான் பெரிது என்பேன்.

அடிதடிக் காட்சி பிள்ளையைக் கெடுக்காதா என்று கேட்பார்கள். கெடுக்கலாம். படத்தில் பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அடித்ததை உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1963-இல் காட்டினார். ஆனால் கூட உட்கார்ந்த பெரியவர் 'இது தப்பு' என்றபோது அடி குறைந்ததை 1968-இல் டேவிட் ஹிக்ஸ் கண்டார்; அதுவும் அவர் அந்த அறையில் இருந்தவரைதான். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியை 1970-இல் மதிப்பிட்டவர்களும், அம்மாவோடு பேசிக்கொண்டே பார்த்த பிள்ளைகள் கூடுதலாகக் கற்றதைச் சொன்னார்கள். வீட்டிலேயே இருக்கும் தாயின் பிள்ளையும் போனை விடுவதில்லையே என்றால், பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, பேச்சும் வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வுகளுக்குள்ளேயே இருக்கும் பதில்.

மூணாறு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், அப்படிப் பேச வேண்டிய அம்மா கொழுந்துக் காட்டில் இருந்தாள். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களாவது வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல சட்டம், ஆனால் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு அது நின்றுவிட்டது. பள்ளி விட்டுப் பிள்ளை லயத்துக்கு வந்துவிடும். அம்மாவோ கொழுந்துச் சாக்கை எடை போட்டு, கணக்கில் பதிந்துவிட்டுத்தான் இறங்க முடியும். இடையில் கிடந்த மாலை நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. 2015-இல் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்ட மூணாறு தோட்டப் பெண்கள் போராடிய பிறகு நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. பறிக்க வேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது. கூலியோடு சேர்ந்து அலுப்பும் ஏறியது.

இதோடு மொழியும் சேர்கிறது. 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, மூணாறு இருக்கும் தேவிகுளமும் பக்கத்துப் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1993-இல் வந்த சன் டிவி லயத்துப் பிள்ளைகளிடம் தமிழில் பேசியது. 2005 ஜூலையில் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் கல்வி அலைவரிசை பெரும்பாலும் மலையாளத்தில் பேசியது. பொழுதுபோக்கு தாய்மொழியில் வர, பாடம் வேறு மொழியில் வந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடக்க, 2020 ஜூன் 1-இல் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் தயாரிக்க வேண்டியிருந்தது. மூணாறு அருகே ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பல கிலோமீட்டர் போனார்கள். இங்கே பெற்றோருக்கு 'திரை நேரத்தைக் குறையுங்கள்' என்று வகுப்பெடுப்பதைவிட, காப்பகத்தின் வயது வரம்பை 12 ஆக்கி, மாலையில் அங்கே தமிழ் பேசும் ஒருவரை அமர்த்துவது அவசரமான வேலை.