கட்டளைக் கலித்துறை

அடிக்கு ஐந்து சீராக நான்கு அடிகள் கொண்டு, நான்கும் ஒரே எதுகை பெற்று, ஏகாரத்தில் முடியும் பாவினம் கட்டளைக் கலித்துறை. காரிகை என்றும் பெயர் உண்டு. அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையை இயற்றியது இந்த யாப்பில்தான். திருக்கோவையாரின் 400 பாட்டும் இராமானுச நூற்றந்தாதியின் 108 பாட்டும் இதே வகை.

ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. இந்தக் கணக்கைக் கேட்டு மிரள்கிறவர்கள் பலர். மிரளத் தேவையே இல்லை. அடிக்குள் வெண்டளை பிறழாமல், விளங்காய்ச் சீர் ஐந்தாம் இடத்தில் மட்டும் வந்தால், எண்ணிக்கை தானே சரியாகிவிடும்.

எடுத்துக்காட்டுக்காகக் கட்டிய ஓர் அடி:

மழைவந்து நின்றபின் வாசல் மரத்தில் மணித்துளிகள்

அலகிட்டால் புளிமாங்காய், கூவிளம், தேமா, புளிமா, கருவிளங்காய். காய் முன் நேர், விளம் முன் நேர், மா முன் நிரை என்று தளை ஒழுங்காக ஓடுகிறது. எழுத்து 4, 3, 2, 3, 5, ஆக 17. ‘வாசல்’ இருக்கும் இடத்தில் ‘முற்றம்’ வைத்தாலும் கணக்கு மாறாது. ‘பழைய’ என்று வைத்தால் விளத்தின் முன் நிரை வந்து தளை தட்டும்; எழுத்தும் 18 ஆகிவிடும். காரணம் எளியது. மாச்சீரில் எழுத்து ஒன்று குறைந்தால், அடுத்த சீர் நிரையில் தொடங்கி அதை ஈடுகட்டுகிறது. விளத்தில் ஒன்று கூடினால் அடுத்தது நேரில் தொடங்குகிறது. எழுத்தெண்ணிக்கை தளையின் நிழல் என்றே சொல்லலாம்.

இந்த அடியில் மழை, மரம், மணி என மோனை விழுகிறது. அடுத்த அடிகள் தழை, குழை, இழை என்று தொடங்கினால் எதுகை நிறைவேறும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்தின் மாத்திரையும் ஒத்திருக்க வேண்டும். ‘தாழை’ இங்கே பொருந்தாது.

அந்தாதி நூல்களுக்கு இந்த யாப்பு மிகவும் இசைவானது. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது. கடைசி ஏகாரம் உதிர்ந்து, சொல் மட்டும் அடுத்த பாட்டுக்குப் போகும். அங்கே வேறு உருபோ இடைச்சொல்லோ ஏற்று வேறு பொருளிலும் வரலாம். நூலை மனப்பாடமாகச் சொல்பவருக்கு அந்தச் சொல்லே அடுத்த பாட்டை எடுத்துக்கொடுக்கிறது. திருக்கடவூர் அபிராமி பட்டரின் அந்தாதியில் முதற்பாட்டைத் தொடங்கிவைத்த சொல்லே, நூறாம் பாட்டின் இறுதியில் ஏகாரம் ஏற்று வந்து நிற்கிறது. இப்படி முடிவு தொடக்கத்தைத் தொடுவதை மண்டலித்தல் என்பர்.