கோட்டையூர் விமானியும் கூவும் பெட்டியும்

எங்கள் கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியாரைக் கல்லூரி கட்டிய வள்ளல் என்றுதான் ஊர் பேசும். எனக்குப் பிடித்தவர் விமானி அழகப்பர். லண்டனுக்குப் போன இடத்தில் க்ராய்டனில் விமானம் ஓட்டக் கற்றார். பின்னாளில் டகோட்டா விமானங்களை வைத்து ஜூபிடர் ஏர்வேஸும் நடத்தினார்.

அவர் காலத்தில் விமானம் காட்டில் விழுந்தால் புகை தெரிய வேண்டும், அல்லது மாடு மேய்ப்பவர் ஓடிவந்து சொல்ல வேண்டும். 1982-ல்தான் வானத்தில் காது முளைத்தது. மோதிய அதிர்ச்சியில் விமானத்திலுள்ள அபாய அறிவிப்புக் கருவி தானே விழித்து 406 மெகாஹெர்ட்ஸில் கூவும், செயற்கைக்கோள் கேட்கும். நம் நாட்டுக்குச் செய்தி வந்து சேர்வது பெங்களூரு இஸ்ரோ மையத்துக்கு.

இன்ஜின் இல்லாத கிளைடருக்கு இது இன்னும் அவசியம். காற்று கைவிட்டால் கண்ணில் பட்ட வயலில் இறங்க வேண்டியதுதான். ஆனால் கார்பன் இழை உடல் அலையை மறைக்கும். மோதலில் ஆன்டெனாவும் ஒடியும். பாராசூட் வாரிலேயே சிறு கருவியைக் கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் என்பேன். குதித்தால் கூடவே வரும்.

கிளைடரில் 50,000 அடி தாண்டிய ஸ்டீவ் ஃபாசெட், 2007-ல் நெவாடாவிலிருந்து சிறு விமானத்தில் கிளம்பிக் காணாமல் போனார். கருவி இருந்தும் சமிக்ஞை எட்டவில்லை. சிதைவு கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

கடலிலோ கதையே வேறு. இந்த ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டாது. 2016-ல் தாம்பரத்திலிருந்து 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, வங்கக் கடலில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 2024 ஜனவரியில்தான் தெரிந்தது.