மன்னார்ப் பிரதேசத்து ஆசிரியர்களும் சமூக ஊடகமும்

இலங்கையின் வட மாகாணத்தைச் சேர்ந்த மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் பணியாற்றும் ஆசிரியர்கள், வட்ஸ்அப், வைபர், முகநூல், யூடியூப் முதலிய சாதனங்களை மாணவருக்குப் பாடம் புகட்டுதற்கும் தம்முள் தொழிலறிவைப் பரிமாறிக்கொள்ளுதற்கும் கையாளும் வழக்கம் இங்கே ஆராயப்படுகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான இவ்வழக்கம், நிலத்தின் அமைப்பினாலும் சனங்களின் தொழிலினாலும் இப்பிரதேசத்தில் ஒரு விசேஷ உருவம் பெற்றது.

மன்னார் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர்; 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்ந்தோர் 99,570 பேர் மாத்திரமே. தலைமன்னார் தொடங்கித் தெற்கே முசலிக் கரையின் மறிச்சுக்கட்டி வரையில், பேசாலை, எருக்கலம்பிட்டி, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என ஒன்றுக்கொன்று தூரமான ஊர்களில் பாடசாலைகள் சிதறிக் கிடக்கின்றன. சிறிய பாடசாலையொன்றில் விஞ்ஞானத்துக்கோ கணிதத்துக்கோ ஒரே ஓர் ஆசிரியர் இருப்பின், தமக்கு எழுந்த ஐயத்தைக் கேட்டுத் தெளிவதற்கு அருகில் எவருமில்லாத அவர், ஆசிரிய ஆலோசகரின் வருகைக்கோ வலயக் கருத்தரங்குக்கோ காத்திருக்க வேண்டியவராகிறார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் இப்பிரதேசத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் 2009ஆம் ஆண்டின் பின்னர் பெருமளவில் மீளக் குடியேறியபோது, பிள்ளைகளின் படிப்பு இரண்டு ஊர்களுக்கிடையே பிரிந்து நின்ற குடும்பங்களும் இருந்தன.

கொரோனாத் தொற்றின் நிமித்தம் 2020ஆம் ஆண்டு மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டமையே இவ்வழக்கம் பரவுதற்குப் பிரதான காரணம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் நாட்டுக்குப் பொதுவாக உதவின. ஆனால் தன் வகுப்புப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, அதன் கொப்பியைத் திருத்திக் கொடுக்கும் காரியம் வகுப்பாசிரியரின் வட்ஸ்அப் குழுவிலேயே நடந்தது. செயலட்டையைப் படம் பிடித்து அனுப்புதல், விடையைப் படமாகவே பெற்றுத் திருத்துதல், விளக்கத்தைக் குரலாகப் பதிவு செய்தல் ஆகியவை அதன் பிரதான முறைகள். இவற்றுள் குரற்பதிவே மேலானதென்பது என் துணிபு; ஏனெனில், காணொளியைப்போல டேட்டாவை விழுங்காமலும், குறித்த நேரத்தில் எல்லோரும் கூட வேண்டுமென்று வற்புறுத்தாமலும், பிள்ளை விரும்பிய பொழுது மீண்டும் கேட்கத்தக்கதாகவும், எழுத்தறிவு குறைந்த தாயொருத்தியும் உடனிருந்து விளங்கிக்கொள்ளத்தக்கதாகவும் அது இருக்கிறது.

எனினும் வீட்டிலிருக்கும் ஒரே கைத்தொலைபேசி தந்தையோடு கடலுக்குப் போய்விடுகின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு, காலை எட்டு மணிக்கு வரும் பாடம் பாடமே அன்று. ரீலோட் செய்யப் பணமில்லாத வீட்டின் நிலையும் அதுவே. இந்தக் குறையை ஆசிரியரின் ஊக்கத்தினால் மாத்திரம் நீக்க முடியாது. ஆசிரியருங்கூடத் தம் வேதனத்திலிருந்தே டேட்டாவுக்குச் செலவிட்டனர். 2021ஆம் ஆண்டு ஜூலை 12 முதல் நாடெங்கும் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி ஒக்டோபர் வரையில் நடத்திய போராட்டத்துக்குப் பின்னால் இத்தகைய சுமைகளும் இருந்தன.

பாடசாலைகள் திறந்த பின்னரும் நிலைத்து நின்ற பயன், ஆசிரியர் தமக்குள் கற்றுக்கொள்ளும் பயனேயாகும். ஒரே தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடிச் செய்கையினூடே கற்கும் முறையை ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்னும் அறிஞர் இருவர் 1991ஆம் ஆண்டில் ஒரு கொள்கையாகவே வகுத்துரைத்தனர். தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளும், சாதாரண தரப் புள்ளியிடும் திட்டமும், கடினமான அலகொன்றை விளக்கும் உபாயமும் ஒரு மாலைப் பொழுதுக்குள் தலைமன்னாரிலிருந்து முருங்கனுக்கும், அங்கிருந்து வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்ச் சேருதல் முந்திய தலைமுறைக்குக் கிட்டாத வாய்ப்பு. புதிதாக நியமனம் பெற்ற ரீச்சர் ஒருவர் கூச்சமின்றிக் கேட்கவும், ஓய்வை அண்மித்த சேர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்லவும் இடங்கொடுக்கும் குழு, பயிற்சிக் கருத்தரங்குகள் பலவற்றிலும் மேலானது. அதே குழுவில் இரவு பத்து மணிக்கு அலுவலகக் கட்டளைகள் வரத் தொடங்கினால் அப்பயன் கெடும். அவற்றுக்குத் தனிக் குழு வேண்டும்.

அவதானிக்க வேண்டியவை வேறு இரண்டு. மாணவரின் புகைப்படத்தையும் புள்ளிகளையும் குழுவில் இடுதல் அந்தரங்கத்தைப் பாதிக்கும். தனிப்பட்ட தரவைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. மேலும், 2018 மார்ச்சிலும், 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரிலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடை செய்தது. ஓர் ஆணையினால் அடைபடக்கூடிய இடத்தில் ஒரு பிரதேசத்தின் பாடக்குறிப்புகள் முழுவதையும் வைத்திருத்தல் விவேகமன்று.

தொலைபேசியில் இடம் போதாதபோது முதலில் அழிக்கப்படுபவையும் அப்பாடக்குறிப்புகளே. இதற்கு மாறாக, 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் ஏடுகளைச் சேமித்து எவர்க்கும் இலவசமாக வழங்கி வருகிறது. மன்னார் ஆசிரியர்கள் தாம் ஆக்கிய செயலட்டைகளையும் வினாத்தாள்களையும் குரற்பதிவுகளையும் பாடவாரியாக ஒழுங்குசெய்து அத்தகைய பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தல் வேண்டும். அதற்கு வேண்டிய ஆளையும் நேரத்தையும் வலயக் கல்விப் பணிமனைகள் ஒதுக்கித் தருதல் வேண்டும்.