நின்ற உலையை மீண்டும் மூட்டலாமா?

புதுச்சேரி மூலக்குளத்தில் இருந்து இதைப் படிக்கும் வாசகரே! உங்கள் ஊருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு கல்பாக்கம் அணுமின் நிலையத்தினுடையது என்பதை அறிவீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சென்றால், பழைய டச்சுக் கோட்டை உள்ள சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே அந்நிலையம் உள்ளது. அதன் இரண்டு உலைகளும் பலமுறை பழுதுபட்டு நின்றன. பழுது பார்த்தபின் மீண்டும் இயங்கின. 'நின்ற உலையை மறுபடி இயக்கலாமா?' என்று மக்கள் அஞ்சிக் கேட்கும்போது, அச்சத்தில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை அறிய இந்த வரலாறு உதவும்.

முதல் உலையில் 1983 ஜூலையிலும், இரண்டாவதில் 1985 ஆகஸ்டிலும் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது. இயற்கை யுரேனியமே எரிபொருள். நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கவும், பிறக்கும் வெப்பத்தை ஏந்திச் செல்லவும் கனநீர் பயன்படுகிறது. பெரிய உருளைக் கலம் ஒன்றினுள் 306 குழாய்கள் கிடையாக அமைந்திருக்கின்றன. எரிபொருள் இருப்பது இக்குழாய்களில்தான்.

சில ஆண்டுகளிலேயே தொல்லை தொடங்கியது. கலத்தினுள் கனநீரைச் செலுத்தும் உட்புகு அமைப்புகள் 1988-89இல் உடைந்தன. கதிரியக்கம் மிகுந்த அந்த இடத்தில் மனிதர் புகுந்து வேலை செய்ய இயலாது. எனவே பொறியாளர்கள் கனநீர் ஓடும் வழியையே மாற்றி உலைகளை இயக்கினார்கள். ஆனால் முழு ஆற்றலில் இயக்க முடியவில்லை. 220 மெகாவாட் தரவேண்டிய ஒவ்வோர் உலையும் 170 மெகாவாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. நொண்டிய காளையைப் பாரம் குறைத்து ஓட்டுவது போன்றது இது. விவேகமான ஏற்பாடுதான், ஆனால் நோய் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

1999 மார்ச் 26இல் இரண்டாம் உலையில் குழாய்களைச் சோதிக்கும் பணியின்போது ஓர் அடைப்பு விலகி, ஏறக்குறைய 6 டன் கனநீர் கசிந்தது. உலையில் பயன்பட்ட கனநீரில் டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்திருக்கும். ஆகவே இதைச் சாதாரண நீர்க்கசிவு என்று ஒதுக்க முடியாது.

குழாய்களுக்கும் வயதாகிறது. சிர்க்கோனிய உலோகக் கலவையாலான அவை நாளடைவில் நீளும், தொய்யும், ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடையும். கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983 ஆகஸ்டில் இப்படித்தான் ஒரு குழாய் வெடித்தது. கல்பாக்கத்தில் இரண்டாம் உலையின் குழாய்கள் அனைத்தையும் 2002-03இலும், முதல் உலையினுடையவற்றை 2003-06இலும் மாற்றினார்கள். புதியவை நியோபியம் சேர்ந்த, உறுதி மிக்க கலவையால் ஆனவை. கனநீர் உட்புகவும் புதிய வழி செய்யப்பட்டது. அதன்பின்னரே 220 மெகாவாட் திரும்பக் கிடைத்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியது. இரண்டாம் உலை அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைக்கும் நிலையத்துக்குள் வெள்ளம் புகவே, உலையை நிறுத்தினார்கள். ஊழியர் குடியிருப்பிலும் அண்டை மீனவ ஊர்களிலும் உயிர்கள் பலியாயின. உலைக்கு ஊறு நேரவில்லை. 2005 ஜனவரி 2இல் அது மீண்டும் இயங்கியது.

'ஒரே வாரத்தில் இயக்கலாமா?' என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கே ஓர் அறிவியல் உண்மையைக் கவனியுங்கள். தொடர்வினையை நிறுத்தினாலும் உலை உடனே குளிர்ந்துவிடாது. பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் இது முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு. பின்னர் மெல்லக் குறையும். நீறு பூத்த நெருப்பு என்பது இதற்கு மிகவும் பொருந்தும். கல்பாக்கத்தில் அன்று மின்சாரம் அற்றுப்போகவில்லை; குளிர்விப்பு தொடர்ந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11இல் அவசர டீசல் மின்னாக்கிகள் நீரில் மூழ்கின. நின்றுபோன உலைகளே உருகின.

புதுச்சேரியை ஆண்ட பிரான்சு தன் நாட்டிலேயே இக்கேள்வியைச் சந்தித்தது. சூப்பர் ஃபீனிக்ஸ் என்னும் உலையில் 1987இல் சோடியம் கசிந்தது. மீண்டும் இயக்க 1989இல் அளித்த அனுமதியை, அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1991இல் செல்லாதென்றது. பொது விசாரணைக்குப் பின் 1994இல் உலை இயங்கியது. ஆயினும் அதை மூடும் முடிவு 1997இல் அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் அனுமதி தருவது 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதற்குப் போதிய தன்னுரிமை இல்லை என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. மக்களின் ஐயத்துக்கு வேர் இங்கேயும் இருக்கிறது. உலையின் உள்ளே நடப்பதை நம்மால் கண்ணால் பார்க்க இயலாது. பார்த்தவர் சொல்வதை நம்பவேண்டும். உலையை நடத்துபவரும் சோதிப்பவரும் வேறு வேறாக இருந்தால்தான் அந்நம்பிக்கை வளரும்.

கல்பாக்கத்தின் முதல் உலை 2018 ஜனவரியில் நின்று, மீண்டும் நெடுங்காலம் ஓய்ந்து கிடந்தது. இத்தகைய உலையை இயக்கப்போவதாகச் செய்தி வந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பழுதுக்குக் காரணம் என்ன? காரணம் நீங்கியதா, அல்லது பாரம் மட்டும் குறைக்கப்பட்டதா? வெளி மின்சாரம் அற்றுப்போனால் எஞ்சிய வெப்பத்தை எது அகற்றும்? இவற்றைச் சோதித்தவர் யார். அவர் கண்டதைத் தமிழில் வெளியிட்டார்களா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் அச்சம் பெரிதும் தணியும். கிடைக்காதவரை, கேட்டுக்கொண்டே இருப்பது குடிமக்களின் கடமையாகும்.