அரவம் என்னும் பெயர்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் தெலுங்கில் தமிழ் மொழியைக் குறிக்கும் பழைய சொல் 'அரவம்' என்பதாகும். அம்மொழியைப் பேசுவோர் 'அரவவாள்ளு', அதாவது அரவக்காரர்கள். மொழியின் பெயர் என்பதற்கு மேல் அடிப்படையில் வேறு பொருள் எதுவும் இல்லாத இச்சொல்லைக் கேட்கும்போது நகரியிலோ சத்தியவேட்டிலோ பல தலைமுறைகளாக வாழும் தமிழர் மனம் சுருங்குவது ஏன் என்ற வினாவுக்கு வேர்ச்சொல்லை ஆராய்வதால் மட்டும் விடை கிடைத்துவிடாது. ஆயினும் வேரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அச்சொல்லுக்குக் கற்பிக்கப்பட்ட பொய் வேர்களும் புண்படுத்தும் வேலையில் பங்கு கொண்டுள்ளன.

அப்பொய் வேர்களுள் ஒன்று வடமொழியின் 'ரவம்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. ரவம் என்பது ஒலி. அதன்முன் இன்மையைக் குறிக்கும் அகரம் சேர்ந்து ஒலியற்றது என்றாகி, மூச்சொலி எழுத்துகள் இல்லாத குறையுடைய மொழி என்பதைக் காட்டுகிறது என்பர் சிலர். மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாக, அரவம் என்றால் இரைச்சல், தமிழர் பேச்சு இரைச்சலாகக் கேட்பதால் அப்பெயர் வந்தது என்பர். தமிழிலும் அரவம் என்பதற்கு ஓசை, பாம்பு என்ற பொருள்கள் இருப்பதால் தமிழரின் காதுக்கு இவ்விளக்கம் உண்மைபோலவே தோன்றி உறுத்துகிறது. ஒரே சொல்லை ஒலியில்லாதது என்றும் ஒலி மிகுந்தது என்றும் விளக்க முடிகிறதென்றால், இகழ்ச்சி முதலில் தோன்றி, விளக்கம் அதற்குப் பின்னர்த் தேடப்பட்டது என்றே கொள்ள வேண்டும். புரியாத பேச்சை வெற்றொலியாகக் கேட்பது உலகெங்கும் உள்ள பழக்கம்தான்: கிரேக்கர் அயலாரை 'பார்பரோஸ்' என்றழைத்தது அவர்கள் பேச்சு 'பர் பர்' எனக் கேட்டதால், ஸ்லாவிய மொழிகளில் செருமானியரின் பெயர் ஊமை என்ற சொல்லோடு தொடர்புடையது.

அரவத்தின் மெய்யான வேராகப் பொருத்தமாகத் தோன்றுவது ஒரு நாட்டின் பெயர். தொல்காப்பிய உரையாசிரியர்கள் எண்ணிய பன்னிரு கொடுந்தமிழ் நாடுகளுள், அதாவது செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்து வட்டார வழக்கு பேசிய நாடுகளுள், அருவா, அருவா வடதலை என்ற இரண்டு உள்ளன. இவற்றுள் பின்னது காஞ்சிப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கிப் பரந்த நிலம் என்பர். அந்நாட்டு மக்களாகிய அருவாளர், கரிகாலனின் ஏவலுக்கு அடங்கியவர்களாகப் பட்டினப்பாலையில் வருகின்றனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தாலமியும் கிழக்குக் கரையில் 'அருவர்னோய்' என்றொரு மக்களைக் குறிக்கிறார். வேங்கடத்துக்கு வடக்கே வாழ்ந்தவர்க்குத் தெற்கு நோக்கி இறங்கியதும் எதிர்ப்பட்ட முதல் தமிழர் அருவாநாட்டாரே ஆதலால், அவர்களின் பெயர் தமிழர் அனைவருக்கும் உரியதாயிற்று என்பது இயல்பான முடிபு. ஆலமன்னி என்ற ஒரே இனக்குழுவின் பெயரால் பிரெஞ்சுக்காரர் செருமானியர் எல்லாரையும் 'அல்மான்' என்பது இதே முறையில்தான்.

இம்முடிபுக்கு வலுவான துணை மற்ற இரு அண்டை மொழிகளில் கிடைக்கிறது. கன்னடத்தில் தமிழரை இழித்துரைக்கும் 'கொங்க' என்ற சொல் கொங்கு நாட்டிலிருந்தும், மலையாளத்தில் அதே வேலையைச் செய்யும் 'பாண்டி' பாண்டி நாட்டிலிருந்தும் வந்தவை. மூன்று அயலாரும் தத்தம் எல்லைக்கு அருகிலிருந்த தமிழ்நிலத்தின் பெயரைத் தமிழர் அனைவர்மீதும் ஏற்றியிருக்கின்றனர். ஒரு காலத்தில் பெருமிதத்தோடு சொல்லப்பட்ட நாட்டுப் பெயர்கள் மூன்றும், எல்லை கடந்ததும் மெல்ல மெல்ல வசைச்சொற்களாகத் திரிந்துள்ளன. இந்தத் திரிபு பெயர்களின் வேரில் இருந்ததன்று, வழியில் நேர்ந்தது.

வழியில் நேர்ந்தவற்றைத் தெலுங்கின் தொடர்களே காட்டுகின்றன. மாடாய் உழைத்தும் பயன் காணாத ஊழியம் 'அரவ சாகிரி' எனப்படுகிறது. சாகிரி என்பது ஊழியம். பொருள் புரியாத கூச்சல் 'அரவ கோல'. பதினைந்தாம் நூற்றாண்டுப் புலவர் ஸ்ரீநாதரின் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, அரவர் வீட்டு விருந்தையும் அதில் முதலில் பரிமாறப்படும் மிளகுச் சாற்றையும் எள்ளுகிறது. இத்தொடர்களின் எடையைச் சுமந்துகொண்டே சொல் காதில் விழுகிறது. விகுதியும் இதில் சேர்கிறது: 'வாரு' என்ற பன்மை விகுதி மதிப்பைத் தரும், 'வாள்ளு' பொதுநிலையில் நிற்கும், 'வாடு' என்பதோ தமிழின் 'அவன்' போன்றது. 'அரவவாடு' என்பதில் புண்படுவது நாட்டுப் பெயராலா ஒருமை விகுதியாலா என்று பிரித்தறிவது கேட்பவர்க்கு எளிதன்று.

தமிழர் பக்கத்துக் கணக்கும் இதற்குக் குறைந்ததன்று, அதை மறைத்து இச்சொல்லை ஆராய்வது நேர்மையாகாது. சங்கப் பாடல்கள் வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலத்தை 'மொழிபெயர் தேயம்', அதாவது மொழி மாறும் நாடு, என்று அமைதியாகக் குறித்தாலும், வடுகர் என வடதிசையால் பெயரிடப்பட்ட அம்மக்களைக் கல்லாத பேச்சும் சினம் மிக்க நாய்களும் உடையவர்களாக அகநானூறு ஓரிடத்தில் காட்டுகிறது. இன்றைய பேச்சில் வடுகரின் இடத்தைக் 'கொல்டி' பிடித்துள்ளது. தெலுகு என்ற பெயரைத் திருப்பிப் படித்ததால் இது வந்தது என்ற கதை உலவினாலும், தெலுங்கர் பொதுவாகத் தம்மை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. இன்னும் வருத்தத்துக்குரியது 'மனவாடு' என்ற சொல்லின் கதை. தெலுங்கில் 'மா' என்பது கேட்பவரை விலக்கிய எங்கள், 'மன' என்பது கேட்பவரையும் உள்ளடக்கிய நம். ஆகவே மனவாடு என்றால் நம்மவன். ஆந்திர மாநிலம் 1953-இல் பிரிந்ததை ஒட்டி எழுந்த 'மதராஸ் மனதே' என்ற முழக்கத்தில் இருப்பதும் இதே 'மன'தான். உறவு கொண்டாடும் இச்சொல்லையே சென்னைத் தமிழ் எடுத்துக்கொண்டு, தெலுங்கரைச் சுட்டும் கேலிப்பெயராக்கிவிட்டது.

1960-இல், இரு மாநில எல்லைச் சிக்கலை ஆராய்ந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. கோடு கிழித்த பின்னும் இருமொழியினரும் கலந்தே வாழும் இப்பகுதியில், எவரும் இகழ எண்ணாத இடத்திலும் இகழ்ச்சி கேட்பதுண்டு. தெலுங்கில் 'ஆமெ வச்சிந்தி' என்றால் அவள் வந்தாள். பசு வந்தது என்பதற்கும் வினை அதே 'வச்சிந்தி'தான், ஏனெனில் அம்மொழியின் ஒருமையில் பெண்பாலுக்குத் தனி வினைமுற்று கிடையாது. தமிழ்க் காதோடு இதைக் கேட்பவர் தம் தாய் அஃறிணையாக்கப்பட்டதாகக் கருதக்கூடும். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலேயே 'அக்கா வந்துச்சு' என்பது உரிமையோடு வழங்குவதை அவர் அப்போது எண்ணிப்பார்ப்பதில்லை.

பெயர்கள் மாறாதவை அல்ல. ஐரோப்பியர் தமிழை 'மலபார்' என்றும், தெலுங்கை 'ஜென்டூ' என்றும் எழுதிவந்தனர். ஜென்டூ என்பது புறச்சமயத்தார் எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. அவ்விரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்தன. அரவமும் அவ்வழியே செல்கிறது: முதியோர் சிலரின் பேச்சில் எவ்வித வன்மமும் இன்றி எஞ்சியிருந்தாலும், பாடநூல்களும் அரசு ஆவணங்களும் 'தமிளம்' என்றே எழுதுகின்றன. தெலுங்கு இதழ்கள் அம்மாற்றத்தை ஏற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. தமிழ்ப் பேச்சிலிருந்து கொல்டி இன்னும் போகவில்லை.