ஏலமலைத் தடம் – 17: ஜாக்கெட் பிட்டும் சீக்கியர் தலைப்பாகையும்

போடிநாயக்கனூர் கடைவீதியில் ஒரு பெண் ‘டூ பை டூ’ என்று கேட்டால் போதும். கடைக்காரர் என்ன கலர் என்று மட்டும் கேட்டுவிட்டு, சேலை முந்தானையை அடுக்கின் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்து, ஜாக்கெட் பிட் வெட்டிக் கொடுப்பார். அந்தப் பருத்தித் துணிக்கு ரூபியா என்று பெயர். அமிர்தசரஸ் கடையில் ஒரு சீக்கியர் அதே ரூபியாவை ஐந்து மீட்டர், ஆறு மீட்டர் என்று வாங்கிப்போய்த் தலையில் கட்டுகிறார். தேனி மாவட்டத்தில் சீக்கியரைப் பார்ப்பது அபூர்வம். அவர் தலைத்துணியோ இங்கே வீட்டுக்கு வீடு பீரோவில் இருக்கிறது.

இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. நம் பாட்டிமார் உடுத்திய ஃபுல் வாயில் சேலைதான் இன்று பஞ்சாபில் பெரும்பாலோர் கட்டும் தலைப்பாகைத் துணி. அளவிலும் பெரிய வித்தியாசமில்லை: சேலை ஐந்தரை மீட்டர், பாகை ஐந்து முதல் ஏழு மீட்டர்வரை.

ஏன் இந்தத் துணி? பதில் நூலின் முறுக்கில் இருக்கிறது. மெல்லிய பருத்தி இழைகள் இரண்டைச் சேர்த்து, வழக்கத்தைவிட அதிகமாக முறுக்கிய நூலால் நெய்வது வாயில். பாவு, ஊடை இரண்டிலும் இரட்டை முறுக்கு நூல் வந்தால் அது ஃபுல் வாயில். பாவில் மட்டும் வந்தால் ஆஃப் வாயில். முறுக்கேறிய நூல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதனால்தான் காதோரம் படிப்படியாக ஏறும் மடிப்புகள் மாலைவரை நழுவாமல் நிற்கின்றன. நெசவு இடைவெளிகளில் காற்றும் புகும். மே மாதத்து லூதியானாவில் ஆறு மீட்டர் துணியைத் தலையில் சுமக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ரூபியாவும் இரட்டை இழைத் துணிதான். ஆனால் நெசவு இன்னும் நெருக்கம், தொட்டால் மெத்தென்றிருக்கும்.

கட்டுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, நீளவாக்கில் மடித்துச் சீராக்க வேண்டும். பஞ்சாபியில் இதைப் ‘பூணி’ என்பார்கள். துணைக்கு ஆளில்லாதவர் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு மறுமுனையை இழுப்பார். எடுப்பான பாகை வேண்டுமென்றால், துணியை இரண்டாக வெட்டி அகலவாக்கில் மூட்டித் தைத்து, இரட்டை அகலத்தில் கட்டுவதும் உண்டு.

1699 வைசாகி நாளில் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் சீக்கியர் சபையான கால்சாவை நிறுவினார். குரு தலை கேட்டபோது கொடுக்க முதலில் எழுந்த ஐவரில் ஒருவர் துவாரகையிலிருந்து வந்த துணி அச்சுக்காரர், இன்னொருவர் தெற்கே பீதரிலிருந்து வந்த நாவிதர் என்பது சீக்கிய மரபு. முடி வெட்டக்கூடாது என்ற நெறியை முதலில் ஏற்றவர்களில் ஒரு நாவிதர்! அந்த ஐவரைப் பற்றிப் பாரதியும் ‘குரு கோவிந்தர்’ பாடலில் எழுதினார். அவரும் பாகை கட்டியவர்தான். சீக்கியரின் ஐந்து அடையாளங்களில் தலைப்பாகை இல்லை, வெட்டாத முடிதான் இருக்கிறது. அந்த முடியைக் காக்க வந்த துணி, பார்க்கிறவர் கண்ணுக்கு முதல் அடையாளமாகிவிட்டது.

நிறத்துக்கும் வரலாறு உண்டு. நிகாங்குகள் என்னும் சீக்கிய வீரர்களின் நீலம் பழையது. 1921 பிப்ரவரியில் நங்கானா சாகிப் குருத்வாராவில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபின், குருத்வாராச் சீர்திருத்தத்துக்குப் போராடிய அகாலிகள் துக்கத்துக்குக் கறுப்புப் பாகை கட்டினார்கள். அதுவே போராட்ட நிறமும் ஆனது. பிரதமராக இருந்த மன்மோகன் சிங்கின் வெளிர்நீலம் அவர் படித்த கேம்பிரிட்ஜின் நிறம். மற்றபடி அன்றாடத்தில் சட்டைக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். நம்மூர் மேட்சிங் சென்டர் செய்யும் அதே வேலையைப் பஞ்சாபின் பாகைக் கடை செய்கிறது.

இரண்டு கடைகளுக்கும் சரக்கு மேற்கு இந்திய ஆலைகளிலிருந்தும் வந்தது. 1931இல் அகமதாபாத்தில் தொடங்கிய அரவிந்த் மில் நயமான வாயில்களால் பெயர் வாங்கியது. ‘மஃபத்லால் ரூபியா’வைத் தையல்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

போடி மலைக்கும் தனக்கென்று தலைத்துணி இருக்கிறது. விடியற்காலையில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தாம்பாறைத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்சட்டை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். மழைக்குத் தலையோடு முதுகையும் மூடும் கொங்காணி. ஆண்கள் தலையில் கட்டும் ஈரிழைத் துண்டும் இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நெய்ததே. ஆனால் முறுக்கு குறைவு, நீரை உறிஞ்சவேண்டுமே! தலைத்துணியைக் கூலிக்காரரின் உடையாகப் பார்க்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது. சீக்கியரிடமோ பிரதமராக இருந்தவரும் லாரி ஓட்டுநரும் ஒரே ரகத் துணியைக் கட்டினார்கள்.

சட்டமும் அந்தத் துணிக்கு வழிவிட்டது. பாகை கட்டிய சீக்கியர் பைக்கில் ஹெல்மெட் அணியவேண்டாம் என்று பிரிட்டன் 1976இல் சொன்னது. நம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பாகை தமிழகத் தேர்தல் களத்துக்கும் வந்தது: 2024 மக்களவைத் தேர்தலில் இங்கேயே, சீக்கியம் தழுவிய தமிழர்கள் பகுஜன் திராவிடக் கட்சியின் வேட்பாளர்களாகப் பாகையோடு வாக்குக் கேட்டார்கள்.

வாயில் சேலையின் இடத்தைச் செயற்கை இழைச் சேலைகள் பிடித்துவிட்டன. துவைத்ததும் காயும், இஸ்திரி வேண்டாம். தலைப்பாகை அப்படி மாற முடியவில்லை. பாலியஸ்டர் வழுக்கும், தலை வேர்க்கும், மடிப்பு நிற்காது.