ஒரு பெட்டிக்கு மூன்று சாவி: இடைக்கால வட ஐரோப்பாவின் உலோகத் திறவுகோல்கள்

இடைக்கால ஐரோப்பிய நகரங்களின் மண்ணடுக்குகளில் ஆணி, கத்தி, லாடம் ஆகியவற்றோடு சாவியும் தவறாமல் கிடைக்கிறது. அது திறந்த பூட்டு மட்டும் அனேகமாகக் கிடைப்பதில்லை. பூட்டு மரத்தோடு அறையப்பட்டது; மரம் மக்கிப்போகும், அல்லது அடுப்புக்குப் போகும், அதிலிருந்த இரும்பு கொல்லன் உலைக்குத் திரும்பும். கைதவறி விழுந்த சாவி குப்பைக்குழியிலோ தெருச் சேற்றிலோ தனியே தங்கிவிடுகிறது. அகழ்ந்தெடுக்கும்போது அது உருத்தெரியாத துருக்கட்டி. ஊடுகதிர்ப் படம் எடுத்த பிறகுதான் தண்டும் பல்லும், சில வேளைகளில் மேலே பூசிய வெள்ளீய முலாமும் புலப்படும். பூட்டில்லாத சாவியை என்ன செய்வது? ஆய்வாளர்கள் அதை வடிவத்தால் வகைப்படுத்தினார்கள். 1940இல் வார்ட்-பெர்க்கின்ஸ் தொகுத்த லண்டன் அருங்காட்சியகத்தின் இடைக்காலப் பொருள் அட்டவணையும், 2011இல் நூலாக வந்த இயன் குடாலின் பிரித்தானிய இரும்புப் பொருள் ஆய்வும் இந்த வழியில் நடந்த பெரும் பணிகள். ஆனால் வடிவ வரிசை காலத்தைச் சொல்லுமே தவிர, சாவி மனிதர்களுக்கிடையே என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லாது. சாவி வைத்திருந்தவரைப் பொருளின் சொந்தக்காரராக எண்ணுவது நம் வழக்கம். 5ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான சான்றுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பொருள் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் யாரோ, அவர் கையில்தான் சாவி இருந்தது. அந்தப் பொறுப்பு ஒருவரிடமிருந்து பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதுதான் இடைக்காலச் சாவியின் முக்கியமான வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பொறியைப் பார்ப்போம். வைக்கிங் காலத்தில் பரவலாக இருந்தது உருளை வடிவத் தொங்குபூட்டு. அதன் தாழ்க்கம்பியில் வில்தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே செலுத்தியதும் அவை விரிந்து பிடித்துக்கொள்ளும். துளையிட்ட தலையுள்ள சாவியைத் தகடுகளின் மேல் தள்ளினால் அவை ஒடுங்கும், கம்பி வெளியே வந்துவிடும். இதில் திருகும் வேலையே கிடையாது. (நாம் புழங்கும் ‘சாவி’ போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல், ‘திறவுகோல்’ என்ற சொல்லில் உள்ள கோல்தான் இந்தத் தள்ளுசாவிக்கு நன்றாகப் பொருந்துகிறது.) 1936இல் சுவீடனின் கோத்லாந்துத் தீவில், வடிகட்டிய சதுப்பு நிலத்தை உழுதபோது ஏர்முனையில் சிக்கிய மேஸ்டர்மீர் ஓக் பெட்டியில் கைவினைஞர் ஒருவரின் கருவிகள் உட்பட 200க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அவற்றில் பூட்டுகளும் சாவியும் உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1976 முதல் 1981 வரை நடந்த காப்பர்கேட் அகழாய்விலும் இதே வகைப் பூட்டுகள் கிடைத்தன. இதோடு திருகுசாவியும் புழக்கத்தில் இருந்தது. அதன் தண்டே ஒரு சான்று. தண்டு உள்ளீடற்ற குழாயாக இருந்தால், பூட்டுக்குள் நிற்கும் ஒரு முளையின்மேல் அது செருகப்படும். ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே திறக்க முடியும், ஆகவே பெரும்பாலும் பெட்டிச் சாவி. தண்டு திண்ணமாக, முனை பல்லைத் தாண்டி நீண்டு, பல்லின் வெட்டுகள் இருபுறமும் ஒத்திருந்தால் உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறக்கலாம், ஆகவே கதவுச் சாவி. பூட்டு அழிந்த பிறகும் அது கதவில் இருந்ததா பெட்டியில் இருந்ததா என்று ஊகிக்க முடிவது இதனால்தான்.

இந்தப் பொறிகள் எவையும் உறுதியான காவல் அல்ல. வில்தகட்டை ஒடுக்க வளைத்த இரும்புப் பட்டை போதும். திருகுபூட்டுக்குள் இருந்த தடுப்புத் தகடுகளைச் சுற்றிக்கொண்டு போக, பல்லின் நடுவை அராவி எடுத்த ஒரு சாவி போதும். பெட்டியோ கோடரிக்குத் தாங்காது. ரஷ்யாவின் நோவ்கோரத் இதற்கு நல்ல சாட்சி. அங்கே 1951 முதல் 1962 வரை நெரெவ்ஸ்கி பகுதியில் அகழப்பட்ட தெரு, ஒன்றன்மேல் ஒன்றாக 28 மரத்தளங்களைக் கொண்டிருந்தது. மரவளையங்களை எண்ணி, அடித்தளம் 953, மேல்தளம் 1462 என்று ஆண்டு குறித்தார்கள். அந்தத் தளங்களுக்கிடையே கிடைத்த பூட்டுகளையும் சாவிகளையும் பரீஸ் கோல்ச்சின் வரிசைப்படுத்தினார். ஐந்து நூற்றாண்டுகளில் சாவித்துளையின் இடமும் சாவித்தலையின் வடிவமும் மாறிக்கொண்டே வருகின்றன. வில்தகடு ஒடுங்கித் திறக்கும் அடிப்படை மட்டும் மாறவில்லை. திருடனைத் தடுப்பதே ஒரே நோக்கமாக இருந்திருந்தால் இந்தத் தேக்கம் வியப்புக்குரியது. கொல்லர்கள் தேடியது வலிமையைவிட வேறுபாட்டை: இந்தச் சாவி அந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது. அது தெளிவாக இருந்தால்தான், திறந்தது யார் என்று கேட்க முடியும்.

கேள்வி கேட்கும் இந்த ஏற்பாட்டை எழுத்தில் காட்டுவது 1020-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் க்னூட் அரசன் வெளியிட்ட சட்டம். திருட்டுப் பொருள் ஒருவன் வீட்டில் அகப்பட்டால் மனைவி குற்றவாளி அல்ல. தன் குடிலுக்குள் கணவன் எதைக் கொண்டுவந்தாலும் அவளால் தடுக்க முடியாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் சரக்கறை, பெட்டி, சிறுபேழை ஆகிய மூன்றின் சாவிகளும் அவள் காவலில் இருக்க வேண்டியவை. பொருள் அவற்றுள் ஒன்றில் அகப்பட்டால் அவளும் குற்றவாளி. இந்த விதி பெண்ணுக்குச் சொத்துரிமை எதையும் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீடு கணவனுடையது, பொருளும் அவனுடையதாகவே இருக்கலாம். சாவி அவளுக்குத் தந்தது, எந்தப் பெட்டிக்கு அவள் பதில் சொல்ல வேண்டும் என்ற வரையறையை. அதனோடு, மற்ற எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்ற பாதுகாப்பையும்.

வைக்கிங் காலக் கல்லறைகளில் கிடைக்கும் சாவிகளை ‘இல்லத்தரசியின் அதிகாரச் சின்னம்’ என்று நீண்டகாலமாகச் சொல்லிவந்தார்கள். மணப்பெண் வேடமிட்ட தோர் கடவுளின் இடுப்பில் சாவிகள் தொங்குவதாக வரும் பழைய ஐஸ்லாந்துப் பாடலும் இதற்குத் துணை நின்றது. ஆனால் இந்த விளக்கம் ஒரு சுழலில் சிக்கியது. எலும்பு மிஞ்சாத கல்லறையில், சாவி இருப்பதாலேயே அது பெண்ணுடையது என்பார்கள். பிறகு பெண்களின் கல்லறையில் சாவி இருக்கிறது என்று எண்ணிக்கை காட்டுவார்கள். கல்லறைப் பொருளை வைத்துப் பால் கணிப்பது எவ்வளவு வழுக்கலானது என்பதற்குச் சுவீடனின் பிர்கா போதும். 19ஆம் நூற்றாண்டில் ஹியால்மர் ஸ்டோல்பெ அகழ்ந்த அந்த இடத்தில், ஆயுதங்கள் நிறைந்திருந்ததால் ஆண் போர்வீரனுடையதாகக் கருதப்பட்ட ஒரு கல்லறை, 2017இல் வெளியான மரபணு ஆய்வில் பெண்ணுடையது என்று தெரிந்தது. நார்வேக் கல்லறைகளை மீண்டும் எண்ணிப் பார்த்த ஆய்வுகள், ஆண்களோடும் சாவிகள் புதைக்கப்பட்டதைக் காட்டின. சாவியோடு புதைக்கப்பட்ட பெண்களோ மொத்தத்தில் சிறுபகுதியினரே. குடும்பத் தலைவி ஒவ்வொருத்திக்கும் உரிய சின்னம் என்றால் இந்த எண்ணிக்கை பொருந்தாது. ஏதோ ஒன்றின் காவல் ஒப்படைக்கப்பட்ட சிலர், ஆணோ பெண்ணோ, அதோடு புதைக்கப்பட்டார்கள் என்றால் பொருந்தும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு; அதை ஒதுக்கிவிட முடியாது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கு இங்கிலாந்துப் பெண்களின் கல்லறைகளில், இடுப்பிலிருந்து இணையாகத் தொங்கிய வெண்கலப் பொருள்கள் கிடைக்கின்றன. சாவி போன்ற வடிவம், ஆனால் எந்தப் பூட்டையும் திறக்காதவை. வெறும் சின்னம் இல்லையென்றால் இவை என்ன? சின்னம்தான். ஆனால் ஒரு கருவி சின்னமாக மாறுவதற்கு முன் அதன் வேலை ஊரறிந்ததாக இருந்தாக வேண்டும். திறக்காத சாவியை அணிந்தவள் தன் செல்வத்தைக் காட்ட நினைத்திருந்தால் அவளிடம் ஊசிப்பதக்கங்களும் மணிகளும் இருந்தன. அவற்றுக்கு மேலாக அந்த வடிவம் வேறெதையோ சொன்னது. 600ஐ ஒட்டிய ஆண்டுகளில் போப் முதலாம் கிரெகோரி, புனித பேதுருவின் சங்கிலியிலிருந்து அராவிய இரும்புத் துகளை அடைத்த சாவிகளை அரசர்களுக்குப் பரிசாக அனுப்பினார். அந்தச் சாவிகள் குறித்த பேதுருவும் மோட்சத்தின் உரிமையாளர் அல்லர்; அதன் வாசலுக்குப் பொறுப்பாளர்.

12ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறாகிறது. இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவரான ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170-களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய கருவூல உரையாடல், அரசுப் பணப்பெட்டிகளை விவரிக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பூட்டு, ஒன்றன் சாவி மற்றொன்றைத் திறக்காது. சாவிகள் கருவூல அலுவலர்களான சேம்பர்லெயின்களிடம் இருக்கும். பெட்டியைச் சுற்றிய வாரின்மேல் கருவூலத் தலைவரின் முத்திரை. எல்லோரும் கூடினால் ஒழியப் பெட்டி திறக்காது. பணமோ இவர்களில் எவருடையதும் அல்ல. 1190 மார்ச்சில் யார்க் நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டபோது, கடன் வாங்கியிருந்தவர்கள் பேராலயத்துக்குள் புகுந்து அங்கிருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அரசுக்கு அது வருவாய் இழப்பு. 1194இல் வந்த விதி கடன் பத்திரத்தை இரு பாதியாக எழுதச் சொன்னது. ஒரு பாதி கடன் கொடுத்தவரிடம், மறு பாதி பொதுப்பெட்டியில். அந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டு: ஒரு சாவி யூதர்களிடம், ஒன்று கிறித்தவர்களிடம், மூன்றாவது அரசு எழுத்தரிடம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தரப்பு மறு தரப்பைக் கொன்ற நாட்டில் இதை நல்லிணக்கம் என்று படிப்பது அபத்தம். நம்பிக்கை இல்லாத இடத்தில், ஒருவர் மற்றவர் இல்லாமல் தவறு செய்ய முடியாதபடி இரும்பால் செய்த ஏற்பாடு அது. 1199 டிசம்பரில் போப் மூன்றாம் இன்னசென்ட் சிலுவைப் போர் உண்டியலுக்கு வகுத்ததும் இதே கணக்குதான்: ஆயர், பங்குக் குரு, பக்தியுள்ள ஓர் இல்லறத்தார், ஆளுக்கொரு சாவி.

1268ஐ ஒட்டி எத்தியேன் புவாலோ தொகுத்த பாரிஸ் தொழில் விதிகளும் இங்கே பேச வேண்டியவை. பூட்டு தன் பட்டறையில் கண்முன் இல்லாமல் எந்தப் பூட்டுக் கொல்லனும் சாவி செய்யக் கூடாது என்கின்றன அவை. மெழுகிலோ களிமண்ணிலோ பதித்துவந்த அச்சிலிருந்து இரண்டாம் சாவி பிறக்கக் கூடாது என்பதே கவலை. உடைத்த பெட்டி தானே சொல்லிவிடும். கள்ளச்சாவியால் திறந்த பெட்டி ஒன்றும் சொல்லாது, பழி உண்மையான சாவிக்காரர் மேல் விழும். 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் பல்லின் வெட்டுகள் சிக்கலாவதைப் பாதுகாப்பு வளர்ந்ததன் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான். ஒரே பெட்டியில் மூன்று பூட்டு, ஒரே வீட்டில் பல பெட்டி என்றானபின் ஒவ்வொரு சாவியும் மற்றதிலிருந்து மாறுபட்டாக வேண்டும். கொல்லனின் அழகுணர்ச்சிக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை.

இன்னும் இரண்டு மறுப்புகள். கிறித்தவம் பரவியபின் கல்லறையில் பொருள் வைக்கும் வழக்கம் அருகியது. ஆகவே சாவி தனிமனித உடலை விட்டு நிறுவனத்துக்குப் போனது போலத் தெரிவது சான்றுகளின் மாயம் என்பது ஒன்று. இதில் பாதி உண்மை. பிற்கால ஓவியங்களிலும் பெண்களின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது. உடலில் அணிவது நிற்கவேயில்லை. ஆகவே நான் சொல்வது இடமாற்றத்தை அல்ல. தனிப் பொறுப்பின் பக்கத்திலேயே பங்கிட்ட பொறுப்பும் வந்து சேர்ந்தது என்பதைத்தான். அதற்கான சான்று கல்லறையிலிருந்து வரவில்லை. மற்றொன்று, பொருள் பெருகியதால் பூட்டு பெருகியது என்ற எளிய விளக்கம். யார்க்‌ஷயரின் கைவிடப்பட்ட சிற்றூரான வாரம் பெர்சியில் 1950 முதல் 1990 வரை நடந்த அகழாய்வில் உழவர் குடியிருப்புகளிலும் பூட்டும் சாவியும் கிடைத்தன. செல்வம் குவிந்த இடமல்ல அது. எண்ணிக்கையை நம்புவதிலும் கவனம் தேவை. 1997 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்களின் கண்டெடுப்புகளைப் பதியும் திட்டத்தில் செப்புக் கலவைச் சாவிகள் ஏராளம். உலோகம் தேடும் கருவியைப் பலர் இரும்புக்கு ஒலிக்காதபடி அமைத்துக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். சிறுபேழைகளின் சாவிகள் பதிவேட்டை நிரப்ப, கதவுகளையும் பெரும்பெட்டிகளையும் திறந்த இரும்பு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

பொறுப்பு இப்படிப் பங்கிடப்பட்டதால் வகைப்பாட்டுக்கே ஒரு சிக்கல் வருகிறது. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் சிலவற்றில் மூன்று சாவித்துளைகளோடு கனத்த ஓக் பெட்டிகள் இன்றும் நிற்கின்றன. அந்த மூன்று சாவிகளும் மூன்று வீடுகளுக்குப் போய், மூன்று இடங்களில் தொலைந்து, பல நூற்றாண்டுகள் கழித்து மூன்று அகழ்குழிகளில் கிடைத்தால், அட்டவணையில் அவை தனித்தனி எண்ணோடு ‘பெட்டிச் சாவி, குழாய்த் தண்டு’ என்று மூன்று வீடுகளின் உடைமையாகவே பதிவாகும்.